மனப்புண் ஆற்றிய மருத்துவர் ரிவர்ஸ்

நீலகிரியில் எருமை வளர்த்து வாழும் தோதவர்களைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் நாலு வரியேனும் படியாத தமிழர் இரார். அவர்களைப் பற்றி முதன்முதலாக முறையான ஆராய்ச்சி நூல் ஒன்றை எழுதி 1906-ல் வெளியிட்ட ஆங்கிலேயர், பத்தாண்டுகளுக்குப் பின் போரினால் மனமுடைந்த படைவீரர்களுக்கு வைத்தியம் செய்து, அதனாலேயே பெரும்புகழ் எய்தினார் என்பதை நம்மவரில் சிலரே அறிவர். அவர்தான் டாக்டர் வில்லியம் ரிவர்ஸ்.

ஆண்டு விழா மலர் என்றால் கம்பர், வள்ளலார், வ.உ.சி. என்று நம் பெரியோர் சரிதையை எதிர்பார்ப்பது அன்பர்களின் வழக்கம். அவ்வழக்கத்தை விட்டு ஒரு வெள்ளைக்கார வைத்தியரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கழக்கூட்டத்தில் குடியிருக்கும் நமக்கு அதற்குத் தக்க காரணம் உண்டு. 1962 முதல் இங்கே சைனிக் பள்ளி நடந்து வருகிறது. பக்கத்தில் பள்ளிப்புறத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாம் இருக்கிறது. நம் காலனியிலும் பட்டாளத்தில் இருந்தவரோ, இருப்பவரோ இல்லாத தெரு இல்லை. காலில் குண்டு பாய்ந்தவரைக் கண்டால் எழுந்து இடம் கொடுக்கிறோம். வெளியே தெரியாத காயத்தோடு வந்தவரை முன்கோபி என்றும், ஒதுங்கி வாழ்பவர் என்றும், குடிக்கு அடிமையானவர் என்றும் சொல்லிக் கடந்து போகிறோம். அவரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தம் வாழ்நாளில் கண்டு சொன்னவர் ரிவர்ஸ். ஆகவே அவர் கதை நமக்கு அந்நியமன்று.

ரிவர்ஸ் 1864-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் இங்கிலாந்தின் கெண்டு மாவட்டத்தில் சாதம் நகருக்கு அருகே பிறந்தார். தந்தையார் ஒரு பாதிரியார். திக்குவாய் உடையோருக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலும் பெயர் பெற்றவர். தாய்மாமன் ஜேம்ஸ் ஹண்டும் அதே துறையில் வல்லவர். லண்டனில் மானிடவியல் கழகம் ஒன்றை 1863-ல் நிறுவியவரும் அவரே. இத்தகைய குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்த ரிவர்ஸுக்கே நாக்குத் திக்கியது என்பது விந்தை. அக்குறை கடைசிவரை அவரை முற்றும் விட்டு நீங்கவில்லை. மற்றொரு விசித்திரமும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை மனத்தில் உருவமாகக் காணும் ஆற்றல் அவருக்கு ஏறக்குறைய இல்லை. ஐந்து வயதுவரை குடியிருந்த வீட்டின் கீழ்த்தளம் நினைவில் வரும். மேல்மாடி மட்டும் வராது. தம் மனமே தமக்கு மறைத்து வைத்த ஓர் அறை உண்டு என்பதை அவர் பிற்காலத்தில் தம் நூலில் வெளிப்படையாக எழுதினார்.

பள்ளியிறுதியில் விஷ சுரம் கண்டதால் கேம்பிரிட்ஜில் படிக்கும் வாய்ப்புக் கை நழுவியது. லண்டனில் செயிண்ட் பார்த்தலோமியோ மருத்துவமனையில் வைத்தியம் பயின்று 1886-ல் பட்டம் பெற்றார். கப்பல் வைத்தியராகி ஜப்பான் வரை சென்று வந்தார். 1893-ல் கேம்பிரிட்ஜில் புலன்களின் இயல்பு பற்றிக் கற்பிக்கும் ஆசிரியரானார். மாணவராக நுழைய முடியாத ஊருக்கு ஆசிரியராகச் சென்றார் என்க.

1898-ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் பேராசிரியர் ஹாடன் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு சென்றது. அதில் ரிவர்ஸும் ஒருவர். அவரோடு சென்ற மாணவருள் இருவரை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஒருவர் சார்லஸ் மையர்ஸ். குண்டு வெடிப்பினால் நேரும் மனக்கலக்கத்துக்கு ஷெல் ஷாக் என்ற பெயரை 1915-ல் மருத்துவ ஏட்டில் முதலில் பயன்படுத்தியவர் அவரே. மற்றவர் வில்லியம் மக்டூகல். அவரும் மகாயுத்தத்தில் அதே நோயாளிகளுக்கு வைத்தியம் செய்தவர். தீவு மக்களின் கண்பார்வையை அளக்கச் சென்ற கப்பல் ஒன்றிலேயே, பின்னாளில் போர்ப்பித்தம் தீர்க்க வந்த வைத்தியர்கள் ஒருங்கே பயணம் செய்திருக்கிறார்கள்.

அத்தீவுகளில் ரிவர்ஸ் ஒரு புதுமுறையைக் கண்டார். யாரைக் கண்டாலும் அவர் தகப்பன் பெயர், தாய் பெயர், உடன்பிறந்தார், கொண்டவர், கொடுத்தவர் என்று கேட்டுக் கொடிவழி எழுதுவது அம்முறை. மேனாட்டு அறிஞர் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடினர். நம் பாட்டிமார் கலியாண வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தொடங்கி மூன்றே கேள்வியில் செய்து முடிக்கும் காரியந்தான் இது. ஆயினும் அதை ஏட்டில் எழுதி, அட்டவணையாக்கி, அதிலிருந்து ஒரு சமூகத்தின் அமைப்பையே எடுத்துக் காட்டியவர் அவர் என்பதை மறுப்பதற்கில்லை. மாமன் மகளை மணக்கும் வழக்கம் பற்றி 1907-ல் ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். மாமனும் மாமனாரும் ஏன் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றனர் என்பதற்கு அதில் விடை இருக்கிறது. நம் வீட்டுச் சிறுவர்க்கு அவ்விடை புதிதன்று.

1901-02-இல் நீலகிரிக்கு வந்து தோதவரிடையே சில மாதங்கள் தங்கினார். அப்போது அம்மக்களின் தொகை ஏறக்குறைய 800. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, மந்து மந்தாகச் சென்று, எருமைப் பால்மனைச் சடங்குகளையும் ஈமச் சடங்குகளையும் கேட்டு எழுதினார். வெளியாருக்குச் சொல்லலாகாத செய்திகள் சிலவற்றையும் சிலர் அவருக்குச் சொன்னார்கள். அவர் அங்கே இருந்தபோதே அப்படிச் சொன்னவர்கள் சிலரின் குடும்பங்களில் நோயும் சாவும் நேர்ந்தன. மறைபொருளை வெளியிட்டதால் தெய்வம் சினந்தது என்று தோதவர் முடிவு செய்தனர். அதன்பின் பலர் வாய் திறக்கவில்லை. ரிவர்ஸ் இதனைத் தம் நூலிலே மறையாது பதிவு செய்திருக்கிறார். தெய்வக் குற்றம் உண்டா இல்லையா என்பது ஒருபுறம் இருக்க, உள்ளே பூட்டிய ஒன்றைத் திறக்கச் சொல்பவனுக்கு எத்துணைப் பொறுப்பு உண்டு என்பதை அவர் முதலில் கண்ட இடம் நம் உதகை மலை என்றே நமக்குத் தோன்றுகிறது.

நீலகிரியிலிருந்து திரும்பியபின் நடந்த ஒரு பரிசோதனையை மட்டும் சொல்லி மேலே செல்வோம். அவர் நண்பர் டாக்டர் ஹென்றி ஹெட், 1903-ல் தம் முன்கை நரம்பு ஒன்றைத் தாமே விரும்பி அறுக்கச் செய்து தைத்துக் கொண்டார். உணர்ச்சி எவ்வாறு திரும்பி வருகிறது என்று ரிவர்ஸ் நான்காண்டுகள் ஊசியும் பனிக்கட்டியும் கொண்டு சோதித்துக் குறிப்பெடுத்தார். முதலில் முரட்டு வலியும், நெடுநாள் கழித்தே இடமறிந்து உணரும் நுண்ணுணர்வும் திரும்பின என்பது அவர்கள் முடிவு. நண்பனுக்கு வலி உண்டாக்குவதும், அவ்வலியை அவன் வாயால் கேட்டு எழுதுவதும் ஆக நான்காண்டுகள்!

1914 ஆகஸ்டில் முதல் உலக மகாயுத்தம் மூண்டபோது ரிவர்ஸ் ஆஸ்திரேலியாவில் இருந்தார். 1915-ல் தாயகம் திரும்பியபோது வயது 51. போர்முனைக்குச் செல்லும் வயதன்று. லிவர்பூலுக்கு அருகே மகல் என்னும் ஊரிலிருந்த படை மருத்துவமனையில் மனநோயாளரைக் கவனிக்கும் பணி கிடைத்தது. அங்கே வந்தவர்கள் சாதாரணச் சிப்பாய்கள். உடலில் கீறல் இல்லை; ஆனால் பேச்சு நின்றுவிட்டது. முதுகெலும்பில் பழுதில்லை, ஆனால் கால் நடக்கவில்லை. கை நடுங்கியது, கண் மங்கியது, இரவில் அலறி எழுந்தார்கள். குண்டு வெடித்த காற்றதிர்ச்சி மூளையைக் கலக்கிவிட்டது என்று சிலர் முதலில் கருதினர். குண்டருகே போகாதவருக்கும் இந்நோய் கண்டபோது அக்கருத்துத் தளர்ந்தது. கோழைகள், வேடதாரிகள் என்று கூறிய தளபதிகளும் உண்டு. அந்தப் போரில் ஓடிப் போதல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் படையினர் 306 பேருக்கு, 2006-ல்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றி மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

வைத்தியத்திலும் கொடுமை இருந்தது. லண்டனில் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் டாக்டர் யேலண்டு என்பவர், ஊமையாகிப் போன சிப்பாயை அறையில் பூட்டி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்தார். அவர்கள் பேசினார்கள் என்பது உண்மையே. ரிவர்ஸ் கைக்கொண்ட வழி வேறு.

1916-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே, முன்னர் நீர்ச்சிகிச்சை விடுதியாயிருந்த கிரெய்க்லாக்ஹார்ட் மாளிகை, படை அதிகாரிகளுக்கான மருத்துவமனை ஆயிற்று. ரிவர்ஸ் காப்டன் பதவியோடு அங்கே சென்றார். அக்காலத்தில் நோயாளிக்கு எல்லோரும் சொன்ன புத்திமதி ஒன்றே: போரை மறந்துவிடு, வேறு நல்லதை நினை, அதைப் பற்றிப் பேசாதே. வீட்டாரும் அப்படியே சொன்னார்கள். நாமும் இன்றைக்கு அதைத்தான் சொல்கிறோம். ரிவர்ஸ் கூர்ந்து பார்த்தார். பகலெல்லாம் முயன்று மறந்தவனே இரவில் மிகவும் துன்புற்றான். ஆகவே நினைவைத் துரத்த வேண்டா, அதிலேயே மூழ்கவும் வேண்டா, பகல் வெளிச்சத்தில் ஒரு துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பார்க்கப் பழகு என்று அவர் கற்பித்தார். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து, திக்கித் திக்கித் தாம் பேசுவதைவிடக் கேட்பதையே மிகுதியாகச் செய்தார். 1917 டிசம்பரில் லண்டனில் வைத்தியர் சபை முன் இதனை ஒரு கட்டுரையாகப் படித்தார்.

அக்கட்டுரையில் வரும் இரு வரலாறுகள் நம்மைத் தூங்கவிடாதவை. ஓர் இளம் அதிகாரி, தன் நண்பனின் உடல் குண்டினால் சிதறித் தலை வேறு, உறுப்பு வேறாய்க் கிடந்ததைக் கண்டவர். இரவுதோறும் அவ்வுருவம் கனவில் வந்து விரட்டியது. ரிவர்ஸ் அவர் கதையைப் பலமுறை கேட்டபின் ஒன்றைச் சுட்டிக் காட்டினார். உடல் அப்படிச் சிதறியதே நண்பன் ஒரு கணமும் வதைபடாமல் இறந்தான் என்பதற்குச் சான்று. அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே இல்லை. பிறகு வந்த கனவில் அவர் நண்பனருகே மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்பவேண்டிய பொருள்களை மெல்ல எடுத்தார். பயம் போய்த் துக்கம் வந்தது. துக்கத்தை மனிதன் தாங்க முடியும்.

மற்றவர் கதை வேறு. வெடிப்பு அவரைத் தூக்கி எறிந்தபோது, இறந்து பல நாளான ஒரு ஜெர்மானியரின் உப்பிய வயிற்றின்மேல் முகம் பட விழுந்தார், அது பிளந்தது. அந்த நாற்றமும் சுவையும் அவரை விட்டு நீங்கவில்லை. சோறு இறங்காது. இந்த நினைவில் பற்றிக்கொள்ளத்தக்க நல்ல அம்சம் எதுவும் ரிவர்ஸுக்குக் கிட்டவில்லை. பட்டாளத்திலிருந்து விடுவித்து நாட்டுப்புறத்துக்கு அனுப்புவதே வழி என்று கண்டார். தம் முறை பலிக்காத இடத்தையும் பலித்த இடத்தோடு சேர்த்துச் சபையில் படித்தார். அவர்மேல் நமக்குள்ள மதிப்பில் பாதி இதனால்தான்.

1917 ஜூலையில் அங்கே வந்து சேர்ந்தார் சீக்பிரீடு சசூன். கவிஞர், வீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர். போரை வேண்டுமென்றே நீட்டிக்கிறார்கள் என்று அறிக்கை விட்டு, இனிப் பணியாற்ற மறுத்தார். படைநீதிமன்றத்துக்கு அனுப்புவதைவிட மனநோயாளி என்பது அரசாங்கத்துக்கு வசதி. நண்பர் ராபர்ட் கிரேவ்ஸும் அதற்கே பாடுபட்டார். அவரைத் தெளிவித்துப் போர்முனைக்குத் திருப்பி அனுப்புவது ரிவர்ஸின் கடமையாயிற்று. ஆனால் சசூனிடம் பைத்தியம் எதுவும் இல்லை. பேசப் பேச வைத்தியரின் மனமே குழம்பியது. சசூன் சொல்வது சரியாக இருந்தால் தாம் செய்யும் தொழில் என்ன? குணமாக்கிய ஒவ்வொருவனையும் மறுபடி குண்டுக்கு அனுப்புவதா? இப்போராட்டம் தம் கனவிலேயே வந்ததென்று ரிவர்ஸ் எழுதி, அக்கனவைத் தாமே அலசியும் இருக்கிறார். இறுதியில் சசூன், தம் சிப்பாய்களைத் தனியே விட மனமின்றித் தாமே போர்முனை திரும்பினார். 1918 ஜூலையில் தலையில் குண்டடி பட்டுப் பிழைத்தார். அதே மருத்துவமனையில் வேறொரு வைத்தியரிடம் சிகிச்சை பெற்ற இளங்கவிஞர் வில்பிரீடு ஓவன் 1918 நவம்பர் 4-ஆம் நாள் களத்தில் மாண்டார். அமைதி உடன்படிக்கைக்கு ஒரு வாரமே இருந்தது.

கிரெய்க்லாக்ஹார்ட் அதிகாரிகளுக்கு மட்டும் உரியது என்பதை மறத்தலாகாது. இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். 74,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோருக்குப் பிரைட்டன் அரண்மனையில் கட்டில் கிடைத்தது. அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்துப் பகுதி எழுதி வைத்ததால் அவர்கள் துயரம் ஓரளவு நமக்குத் தெரிகிறது. அருகே உட்கார்ந்து அவர்கள் மொழியில் கேட்க ஒரு ரிவர்ஸ் இல்லை.

1917 இறுதியில் ரிவர்ஸ் லண்டன் சென்று விமானப்படையினரைக் கவனித்தார். விமானம் ஓட்டுபவனைவிட, கட்டிய பலூனில் ஏறி ஒன்றும் செய்ய இயலாமல் அமர்ந்திருப்பவனே அதிகமாக மனமுடைகிறான் என்று கண்டார். அபாயத்தைவிட, அபாயத்தில் கை கட்டி இருத்தலே மனத்தை அரிக்கிறது என்பது அவர் முடிவு. அந்தப் பலூன்காரரைப் பற்றிப் படித்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்று வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும் முன்னாள் வீரர்களின் முகங்கள் நம் கண்முன் வந்தன.

நாம் டிக்கட் கொடுக்கும் ஜன்னலுக்கு அத்தகைய ஒருவர் வருவதுண்டு. தீபாவளிக்கு முந்திய நாள் மாலை, ஆண்டு தவறாமல், யாரும் உறவினர் இல்லாத ஓர் ஊருக்குச் சீட்டு வாங்குவார். பண்டிகை கழிந்த மறுநாள் திரும்புவார். கையில் ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர்ப் போத்தல், அவ்வளவே. நம் காலனிப் பிள்ளைகள் வெடிக்கும் வெடி நள்ளிரவு வரை ஓயாது என்பது யாவரும் அறிந்ததே. அவர் காரணம் சொன்னதில்லை. சீட்டையும் சில்லறையையும் எண்ணி வாங்கிக்கொண்டு போவார். வரும் தீபாவளிக்கு வெடியை இரவு 9 மணியோடு நிறுத்தலாமா என்று நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஒரு பேச்சு எடுக்கலாம் என்பது நம் எண்ணம்.

கதைகளுக்கு வருவோம். ரிவர்ஸ் இறந்து மூன்றாண்டில் வர்ஜீனியா வுல்ப் அம்மையார் எழுதிய மிஸஸ் டாலோவே நாவலில், போரிலிருந்து திரும்பிய செப்டிமஸ் என்னும் இளைஞனை வைத்தியர்களே புரிந்துகொள்ளாமல் சாவுக்குத் துரத்துகிறார்கள். சசூன் 1936-ல் தம் வரலாற்றை நாவலாக்கியபோது ஏனையோர் பெயரை மாற்றியவர், ரிவர்ஸின் பெயரை மட்டும் அப்படியே வைத்தார். நம் அண்டை மொழியான மலையாளத்திலும் பட்டாளத்திலிருந்து வந்து எழுதிய கூட்டம் ஒன்று உண்டு: பாறப்புறத்து, கோவிலன், நந்தனார். கடைசியாகச் சொன்னவரின் இயற்பெயர் பி. சி. கோபாலன், புனைபெயரோ நம் திருநாளைப்போவாருடையது. 1942 முதல் 1964 வரை படையில் இருந்தவர். ஆன்மாவின் நோவுகள் என்னும் பொருள்படும் அவர் நாவல் கேரள சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. துப்பாக்கியைவிட முகாமின் தனிமையையும் அவமானத்தையும் அவர்கள் அதிகம் எழுதினார்கள். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் வாசகசாலையில் எடுத்துப் பார்க்கலாம்.

போருக்குப் பின் ரிவர்ஸ் கேம்பிரிட்ஜ் திரும்பினார். முன்பு கூச்சமுள்ள மனிதராய் ஆய்வறையில் அடைந்து கிடந்தவர், இப்போது மாணவருக்காகக் கதவைத் திறந்து வைத்தார். 1920-ல் இயல்பூக்கமும் நனவிலி மனமும் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தொழிற்கட்சியின் சார்பில் லண்டன் சர்வகலாசாலைத் தொகுதியில் பாராளுமன்றத்துக்கு நிற்கவும் 1922-ல் இசைந்தார். ஜூன் மாதத் தொடக்கத்தில், விடுமுறையில் கல்லூரி காலியாயிருந்த இரவில், தம் அறையில் தனித்திருந்தபோது குடலிறக்கம் கண்டு வேதனையுற்றார். காலையில்தான் கண்டார்கள். அறுவைசிகிச்சை பயன்படாது ஜூன் 4-ஆம் நாள் மறைந்தார். வயது 58. மணம் செய்துகொள்ளாதவர். அவர் நிற்கவிருந்த தொகுதியில் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் நின்று தோற்றார்.

அவர் சொன்னதை உலகம் நெடுநாள் மறந்திருந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் கிளர்ச்சி செய்தபின், 1980-ல்தான் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இந்நோயைத் தம் ஏட்டில் தனிப்பெயரிட்டுச் சேர்த்தது. 1991-ல் பாட் பார்க்கர் என்னும் ஆங்கில அம்மையார் ரிவர்ஸையும் சசூனையும் பாத்திரங்களாக வைத்து ஒரு நாவல் எழுதினார். அதைத் தொடர்ந்து வந்த மூன்றாம் நாவல் 1995-ல் புக்கர் பரிசு பெற்றது. கிரெய்க்லாக்ஹார்ட் மாளிகை இன்று எடின்பரோ நேப்பியர் சர்வகலாசாலையின் ஒரு பகுதி. போர்க்கவிஞர் நினைவுப் பொருள்களை அங்கே வைத்திருக்கிறார்கள். தோதவர் நூலின் கடைசிப் பக்கங்களிலோ, அவர் மந்து மந்தாய் நடந்து கேட்டெழுதிய கொடிவழி அட்டவணைகள் இருக்கின்றன: இன்னார் மகன் இன்னார், இன்ன குலம், இன்னாரை மணந்தார் என்று, பெயர் பெயராக.